பாதி தூரம் அவள் தனியே வந்தாள்

இங்கிலாந்து அரச குடும்பத்துக் கல்யாணத்தை நான் பார்த்தது பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு கடைக்குள் இருந்துதான். அந்தக் கடைக்குள் ஆண்கள் போவதில்லை. அன்று எனக்கு வேறு வழி இருக்கவில்லை. என் மனைவிக்கு அந்தச் சனிக்கிழமை வேலை. எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெண்பிள்ளைக்கு இன்னும் மூன்று கிழமையில் கல்யாணம். கொண்டையையும் நகைகளையும் ஒருமுறை வைத்துப் பார்ப்பதற்கு அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். பாரிசுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், நகைப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

பிள்ளை யாரென்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பனின் மகள். மாப்பிள்ளை புறநகரான கார்ஜ் லே கொனெஸில் தாயோடு இருப்பவர். ஒபர்வில்லியேயில் ஓர் உடுப்புக் கிடங்கில் வேலை. போன வருடம் பத்து நாள் விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். கையெழுத்து வைத்தால் அரசாங்கத்துக்குக் கல்யாணம் முடிந்துவிடும். தாலி ஏறாமல் எங்கள் சனத்துக்கு முடியாது. அதனால் அவள் இங்கே வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. எங்களுடைய இரண்டு அறை வீடு பெண்வீடாகியது.

அவளுடைய தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை என்றான பிறகு நண்பன் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், நீதான் என்ரை இடத்திலை நிக்கவேணும்" என்றான்.

நான் ஓம் என்றேன். அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான்.

எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். வளர்ந்து தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். நான் ஒரு பள்ளிக்கூடக் கந்தினில், பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில், சமையல்காரன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் வழக்கம். அந்தப் பிள்ளை வந்த பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. அன்று படித்த பிரெஞ்சுச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். என் உச்சரிப்பு பிழை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நான் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்வாள். ஒரு நாள் மனைவி இல்லாத நேரம் பார்த்து, கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டு நடையில் நடந்து பார்த்தேன். வேட்டி கட்டி எத்தனையோ வருடம். நாலு அடியில் நழுவியது. திரும்பவும் கட்டி நடந்தேன். ஒரு மகளைக் கூட்டிக்கொண்டு சபைக்கு நடுவே நடப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைக்குள் போனபோது சுவரில் இருந்த தொலைக்காட்சியில் குதிரை வீரர்களும் தொப்பி போட்ட பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரி எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். வருகிற எல்லோருக்கும் அக்கா. அவர் பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, தலையைப் பிரித்து வாரத் தொடங்கினார். எனக்குக் கதவடியில் ஒரு கதிரை கிடைத்தது. அடுத்த கதிரையில், தலைமுடி முழுக்கச் சாயம் பூசி அது காயும்வரை காத்துக்கொண்டிருந்தார் ஒரு பாண்டிச்சேரி அம்மா. இங்கே அரசாங்க அலுவலகமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். நான் உள்ளே வந்ததை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. எனக்கு ஆட்களைக் காட்டித் தரவும் தொடங்கினார்.

"இந்தப் பச்சைக் கலர்ல வர்றாங்க பாருங்க, அவங்கதான் ராணி. நம்ம பிரான்சுல ராஜாவையெல்லாம் எப்பவோ தீர்த்துட்டாங்க. ஆனா காலையிலேர்ந்து எந்த சானலைத் திருப்புனாலும் இதான் ஓடுது."

"எங்களுக்கு இண்டைக்கு வாடிக்கைக்காரர் குறைவு" என்றார் கடைக்காரி. "எல்லாரும் வீட்டிலை இருந்து பாக்கினம் போலை."

மணப்பெண் காரிலிருந்து இறங்கினாள். தலையிலிருந்து தொங்கிய நீளமான வலைத்துணியை இரண்டு சின்னப் பையன்கள் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரி சீப்பைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"உதுவோ உடுப்பு? ஒரு கல்லுக்கூடப் பதிக்கேல்லை. எங்கடை பிள்ளையள் ரிசப்சனுக்கு இதைவிடப் பெரிசாப் போடுகினம்."

"சிம்பிளா இருந்தாத்தாங்க அவங்களுக்கு அழகு."

"கழுத்தைப் பாருங்கோ அம்மா. ஒரு சங்கிலிகூட இல்லை. வெறுங்கழுத்து."

"மோதிரம்தானே அவங்களுக்குத் தாலி" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்ல ரெண்டும் உண்டு. சர்ச்சுலயே மோதிரமும் போடுவோம், தாலியும் கட்டுவோம். எதுக்கும் குறை வைக்கிறதில்ல."

எங்கள் பிள்ளை கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, முகத்தை மூடித்தானே அவையும் கூட்டிக்கொண்டு வருகினம்" என்றாள். எங்கள் வழக்கத்திலும் மணப்பெண்ணை மெல்லிய துணியால் முகம் மூடித்தான் மணவறைக்கு அழைத்து வருவார்கள். "ஓம், அதிலை ரெண்டும் ஒண்டுதான்" என்று கடைக்காரி ஒப்புக்கொண்டார்.

பிறகு தேவாலயக் கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"தேப்பன் எங்கை?" என்றார் கடைக்காரி.

"உடம்பு சரியில்லையாம். வரலை. சர்ச்சுல அப்பாதாங்க கையைப் பிடிச்சு அழைச்சிட்டுப் போகணும், அதுதான் முறை, ட்ராதிசியோன். பாருங்க, தனியாவே நடக்குது."

"மாமன், சித்தப்பன் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ உந்தப் பெரிய குடும்பத்துக்கு?"

அந்தப் பெண் மெதுவாக, தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். பாதி தூரம் வந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத் தூரம் போனாள். அடுத்து அவளுடைய தாயைக் காட்டினார்கள். ஒரு வரிசையில் தனியே இருந்தார். பக்கத்தில் அவருக்கென்று ஒரு சனமும் இல்லை. கண் கலங்கியிருந்தது.

கொண்டை ஊசி ஒன்று கடைக்காரியின் வாயில் இருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றிச்சுட்டியும் காதணியும் வைத்தபடி எங்கள் பிள்ளை ஆடாமல் அசையாமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஏதோ கணக்குப் பாடம் செய்கிற பிள்ளையின் முகம் போலிருந்தது.

பிறகு பாதிரியார் பேசத் தொடங்கி, நிறுத்தாமல் பேசினார். "எங்கடை ஐயர்மாரைக் குறை சொல்லப்படாது" என்றார் கடைக்காரி. எல்லோரும் சிரித்தோம். பாண்டிச்சேரி அம்மாவின் தலையைக் கழுவ நேரமாகிவிட்டது.

வெளியே வந்து ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் நடந்தோம். ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடிக்க இருந்தோம். தலையில் பெரிய கொண்டையோடு குளிர்ச்சட்டை போட்டிருந்தவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, கலியாணத்தண்டைக்கு நான் உள்ளுக்கு வரேக்கை நீங்களும் மாமியும் என்ரை பக்கத்திலை வரவேணும், என்ன?"

"ஓம். பின்னை? அதுக்குத்தானே நாங்கள்."

"பாதி தூரம் நான் தனிய வரட்டோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது பிடிக்கவில்லை.

"அது ராசகுடும்பம் பிள்ளை. அவை என்ன செய்தாலும் சனம் கை தட்டும். எங்கடை சனம் அப்பிடியில்லை."

"அவவையும் சனம் கதைக்குதுதானே. இப்ப கடையிலை கேட்டனீங்கள்."

"கொப்பர் என்ன நினைப்பார்? என்னை நம்பித்தானே உன்னை விட்டவர்."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "அப்பா நடக்கவேண்டிய இடம் மாமா. அதிலை ஒருத்தரும் இல்லாமல் கொஞ்சத் தூரம் வந்தால் நல்லாயிருக்கும் போலை கிடக்கு. பேந்து நீங்கள் வாங்கோ. நீங்கள் இல்லாமல் ஏலாது."

யோசிப்பம் என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு மனம் நொந்துவிட்டது. வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டு நடையில் நடந்தவன் நான். கதவிலிருந்து மணவறை வரை முழுத்தூரமும் நடப்பேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேசவில்லை. அவளும் கேட்டதற்காக வருந்தியது போல என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தேநீரில் வழக்கத்தைவிடச் சீனி கூடியிருந்தது. மூன்றாம் நாள் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறியள்?"

சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளை உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்லை. தேப்பனை வேணுமெண்டு சொல்லுது. அவர் வராததுக்கு அது வேறை என்ன செய்யிறது?"

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்லும். நீங்கள் ஐயரோடை கதையுங்கோ."

கல்யாணத்தை நடத்தப்போகும் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் இடையில் மறித்தார். "நானும் பாத்தனான் அந்தக் கலியாணம்" என்றார். "தாரை வார்க்கேக்கை தாய் தேப்பன் இடத்திலை ரெண்டு பேர் எனக்கு வேணும். அதுக்குப் பக்கத்திலை வந்து நிண்டால் போதும். கதவிலை இருந்து எப்பிடி நடந்து வாறதெண்டு எந்தப் புத்தகத்திலையும் இல்லை. ஆனால் நேரத்துக்கு வரவேணும். அந்த லண்டன் பொம்பிளை சொன்ன நேரத்துக்கு வந்தது, கவனிச்சனீங்களோ?"

இனி மாப்பிள்ளையின் தாய். அவரோடு பேச எனக்குத் துணிவில்லை. தகப்பன் இல்லாமல் ஒரே மகனை வளர்த்தவர், பேச்சில் கண்டிப்பு. மனைவிதான் தொலைபேசி எடுத்தாள். ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"எங்கடை ஆக்கள் என்ன நினைப்பினம், தங்கச்சி? பொம்பிளைக்கு ஒரு நாதியும் இல்லையெண்டெல்லோ நினைப்பினம்."

"பாதியிலை நாங்கள் வாறம்தானே, அக்கா."

"இதென்ன புதுப் பழக்கம். வெள்ளைக்காரர் செய்தால் நாங்களும் செய்யவேணுமோ?"

மனைவி சண்டை பிடிக்கவில்லை. "அக்கா, உங்கடை கலியாணம் இஞ்சைதானே நடந்தது? உங்களை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மனைவி தொலைபேசியைப் பார்த்தாள்.

"ஒரு புருசன் பெண்சாதி" என்றார் அவர் கடைசியில். "என்ரை மனிசனுக்குத் தெரிஞ்ச ஆக்கள். அண்டைக்குத்தான் முதல் கண்டது. என்ரை ரெண்டு பக்கத்திலையும் வந்தவை. நல்ல சனம். சாறிக்கு ஊசி குத்திவிட்டது அந்த மனிசிதான். அவையின்ரை பேர்கூட நான் கேக்கேல்லை. பேந்து காணவும் இல்லை." "வீடியோவிலை இப்பவும் பாக்கிறனான். அம்மா நிக்கவேண்டிய இடத்திலை ஆரோ நிக்கிறா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சரி, அவள் விருப்பப்படி வரட்டும்" என்றார் அவர். "ஆனால் தலையைக் குனிஞ்சுகொண்டு வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. தனிய வாறதெண்டால் நிமிர்ந்து வரவேணும்."

கல்யாணம் ஒபர்வில்லியேயில், சாமான் கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை மணவறையில் வந்து இருந்துவிட்டார். மேளம் மாறியது. நானும் மனைவியும் சொன்னபடி மண்டபத்தின் நடுவில், கதிரைகளின் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். வேட்டி இடுப்பில் நிற்கிறதா என்று ஒரு கையால் பார்த்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து நண்பனும் அவன் மனைவியும் தொலைபேசி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு கம்பத்தில் பூட்டி வைப்பதாகத்தான் ஏற்பாடு. கதவு திறக்கப் போகும் நேரம் மாப்பிள்ளையின் தாய் எழுந்துவந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்தார். நேரே மணவறைக்கு முன்னால் போய், பாதையின் முடிவில் நின்று, இரண்டு கையாலும் நெஞ்சளவில் உயர்த்திப் பிடித்தார். படம் எடுப்பவர் விலகச் சொன்னார். அவர் விலகவில்லை.

கதவு திறந்தது. எங்கள் பிள்ளை தனியே வந்தாள். மெல்லிய துணிக்குள் முகம் தெரிந்தது. நிமிர்ந்துதான் வந்தாள். தன்னுடைய தாய் தகப்பன் இருந்த அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசியது கேட்டது.

"என்ன, பிள்ளை தனிய வாறாள்? ஆரும் இல்லையோ?"

"லண்டன் கலியாணம் பாக்கேல்லையோ நீங்கள்? இப்ப அப்பிடித்தான்."

"ஓ, அதுவோ. அப்ப பாதியிலை ஆரும் வருவினம்."

அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிட்டது. மூன்று கிழமைக்கு முன் ஊரெல்லாம் தொலைக்காட்சியில் ஓர் அரச கல்யாணத்தைப் பார்த்திருக்காவிட்டால், அன்று அந்தப் பெண்கள் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள். ராசாக்களால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அவள் எங்களடிக்கு வந்ததும் நின்றாள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் என் சால்வை நுனியைப் பிடித்தாள். எங்கள் வழக்கத்தில் அப்படிப் பிடிப்பதில்லை. நான் விடுவிக்கவில்லை. மூன்று பேருமாக மிச்சத் தூரம் நடந்தோம். குறைந்த தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் என் கால்கள் நிலத்தில் பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தாரை வார்க்கும்போது என் கைக்குமேல் அவளுடைய கை, அதற்குமேல் தண்ணீர். அவசரப்பட்டுக் கையை முன்னே நீட்டினேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே கண்ணால் "ஆறுதலாக" என்று சொன்னார். அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் தாய் பிடித்திருந்த தொலைபேசியிலிருந்து நண்பனின் குரல் தெளிவாக வந்தது.

"மச்சான், வேட்டியை இழுத்துக் கட்டு. அவிழப்போகுது."

முன்வரிசை முழுக்கச் சிரித்தது. பிள்ளையும் துணிக்குள் சிரித்தாள். நான் ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம்தான் இப்போது பிள்ளையின் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வேறு எத்தனையோ நல்ல படங்கள் இருந்தும் அவள் அதைத்தான் பெரிதாக்கினாள்.

கூறை மாற்றி வந்து, தாலி ஏறி, எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. சனம் சாப்பாட்டைப் பற்றித்தான் சொன்னது. கத்தரிக்காய்க் குழம்பு திறம், பாயசம் தண்ணி என்றார்கள்.

அடுத்த கிழமை லா சப்பலில் மரக்கறி வாங்கும்போது அறிமுகமான ஒருவர் மறித்து, "என்ன அண்ணை, பொம்பிளையைத் தனிய நடக்க விட்டிட்டியளாம்?" என்று கேட்டார். பாதி தூரம் மட்டும்தான் என்றேன். அதுவும் பிழை என்றார். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்தேன். அலங்காரக் கடை அக்கா சொன்னார், அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் அப்படி வரலாமா என்று தன்னிடம் கேட்டார்களாம். ஒருத்திக்குத் தகப்பன் இங்கேயே இருந்தாராம். அவர் கோபித்துக்கொண்டாராம். அவருடைய கோபம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

அடுத்த வருடம் நண்பனுக்கும் மனைவிக்கும் விசா கிடைத்தது. வந்து மூன்று மாதம் இருந்தார்கள், பேரப்பிள்ளை பிறக்கும் நேரம். விமான நிலையத்தில் அவன் மகளைக் கட்டிப்பிடித்து நின்றபோது நான் பெட்டிகள் ஏற்றிய வண்டிலைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். எனக்கு இனி அவள் வீட்டில் என்ன வேலை என்று யோசித்தேன். அப்படியொன்றும் ஆகவில்லை. அவர்கள் திரும்பிப் போன பிறகு அவள் பழையபடி எங்களிடம் வரத் தொடங்கினாள்.

இப்போது சனிக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கார்ஜிலிருந்து ரயிலில் வருகிறாள். மத்தியானம் சாப்பிட்டதும் குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, எங்கள் சோபாவில் காலை நீட்டிப் படுத்து அயர்ந்து தூங்குகிறாள். கல்யாணமான பெண்ணுக்குப் பகலில் அப்படித் தூங்கத் தாய்வீட்டில்தான் மனம் வரும் என்பார்கள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் எழும்பும்வரை பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன்.